முப்பது ஆண்டு தள்ளிப்போன மறதி: கொலம்பியாவின் ஒரு நேர்வு

கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணிக்குப் பிறவியிலேயே, அல்சைமர் மறதி நோயை உண்டாக்கும் ஒரு மரபணுப் பிழை இருந்தது. அந்தப் பிழை உள்ளவர்களுக்கு 44 வயது வாக்கில் நினைவு தடுமாறத் தொடங்கும். 49 வாக்கில் டிமென்ஷியா முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அறுபதை ஒட்டிப் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள். ஆனால் இந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டும்வரை எதுவும் ஆகவில்லை. தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொண்டார். 72 வயதுக்கு மேல்தான் அண்மையில் நடந்தவை மட்டும் லேசாக மறக்கத் தொடங்கின. 2020 நவம்பரில், 77 வயதில், பரவிவிட்ட தோல் புற்றுநோயால் காலமானார்.

அல்சைமர் ஆராய்ச்சியில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் உண்டு. அவற்றில் பல சொல்லாததை இந்த ஒரே ஆளின் கேஸ் சொல்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் இதை முதலிலிருந்து முடிவுவரை விரிவாக எழுதுகிறேன். அவருடைய பெயர் அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்துவிட்டது. ஆனாலும் நமக்கு அது தேவையில்லை. 'அந்த அம்மா' என்றே வைத்துக்கொள்கிறேன்.

மலைக்கிராமங்களின் நோய்

மெடெயின் நகரத்துக்கு வடக்கே மலைகளில் யாருமால், அங்கோஸ்தூரா, பெல்மீரா போன்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே சில குடும்பங்களில் நாற்பதைக் கடந்தவர்கள் ஒவ்வொருவராகப் புத்தி பேதலித்துப் போவது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. உள்ளூரில் அதை 'லா போபேரா' என்பார்கள். மந்தம், அசட்டுத்தனம் என்ற மாதிரியான சொல். பாதிரியாரின் சாபம் என்றார்கள் சிலர், ஆகாத மரத்தைத் தொட்டதால் வந்தது என்றார்கள் சிலர்.

1980களின் தொடக்கத்தில் மெடெயினில் பயிற்சி மருத்துவராக இருந்த பிரான்சிஸ்கோ லோப்பேரா, நாற்பதுகளில் இருந்த ஒரு விவசாயியைப் பரிசோதித்தார். அந்த வயதில் வரக்கூடாத டிமென்ஷியா அவருக்கு இருந்தது. விசாரித்தபோது அப்பாவுக்கும் அப்படித்தான், தாத்தாவுக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது. சாதாரணமாக ஒரு மருத்துவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்த்திருப்பார். லோப்பேரா அந்தக் குடும்பத்தின் ஊருக்கே போனார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவர் போய்க்கொண்டேதான் இருந்தார். கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி வரைந்தார்கள். செவிலியர்கள் ஐஸ் பெட்டியோடு மலையேறி ரத்தம் எடுத்தார்கள். அது கொலம்பியாவில் கொக்கெயின் கும்பல்களும் கெரில்லாக்களும் துணைராணுவப் படைகளும் மோதிக்கொண்டிருந்த காலம். பாதுகாப்பான வேலையே அல்ல.

அமெரிக்க நரம்பியலாளர் கென்னத் கோசிக் 1990களின் தொடக்கத்தில் இவர்களோடு சேர்ந்தார். 1995இல் பிழை எங்கே என்று தெரிந்தது. 14ஆம் குரோமோசோமில் உள்ள பிரெசெனிலின்-1 மரபணுவில், 280ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் அலனின் வந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்துப் பிழைதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. வந்துவிட்டால் நோய் வருவது ஏறக்குறைய உறுதி. காலனி ஆட்சிக் காலத்தில் வந்திறங்கிய ஒரே மூதாதையரிடமிருந்து இது பரவியது என்று பிந்தைய மரபணு ஆய்வுகள் காட்டின. சுமார் 6,000 பேர் கொண்ட உறவுக் கூட்டத்தில் ஏறத்தாழ 1,200 பேரிடம் இந்தப் பிழை இருக்கிறது. உலகில் ஒரே பிழையால் வரும் அல்சைமர் இவ்வளவு பேரிடம் இருப்பது வேறெங்கும் கிடையாது.

இந்தப் பிழை என்ன செய்கிறது என்பது ஓரளவு தெளிவு. பிரெசெனிலின் என்பது, செல் சவ்வில் இருக்கும் ஒரு நீண்ட புரதத்தை வெட்டும் நொதியின் பாகம். வெட்டு சரியாக விழாவிட்டால், ஒட்டும் தன்மையுள்ள அமிலாய்டு பீட்டாத் துண்டுகள் அதிகம் உண்டாகின்றன. அவை மூளையில் செல்களுக்கு வெளியே படிகின்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு, செல்களுக்கு உள்ளே டாவ் என்ற இன்னொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. நரம்பு செல்கள் சாகின்றன. நினைவு போகிறது. அமிலாய்டுதான் மூலகாரணம், அதைத் தடுத்தால் மற்றதெல்லாம் நின்றுவிடும் என்ற கருதுகோள் முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையை ஆண்டுவருவதற்கு இப்படிப்பட்ட குடும்பங்களே பெரிய ஆதாரம்.

பாஸ்டனில் எடுத்த படங்கள்

அந்த அம்மாவை லோப்பேராவின் குழுவுக்கு முன்பே தெரியும். ரத்தத்தில் பிரெசெனிலின் பிழை இருக்கிறது, ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார். இந்த மாதிரி ஒருவர் கிடைத்தால் முதலில் வரவேண்டிய சந்தேகம், ரத்த மாதிரி மாறிப்போயிருக்குமோ என்பதுதான். திரும்பச் சோதித்தார்கள். பிழை இருந்தது. அவருடைய உறவினர்களில் நோய் வழக்கமான வயதில்தான் வந்துகொண்டிருந்தது.

ஹார்வர்டில் பணிபுரியும் யக்கேல் கிரோஸ், ஜோசப் அர்போலேதா-வெலாஸ்கெஸ் இருவரும் கொலம்பியர்கள், கணவன் மனைவி. கிரோஸ் மெடெயின் குழுவிலேயே வளர்ந்தவர். அந்த அம்மாவை பாஸ்டனுக்கு வரவழைத்து பெட் (PET) ஸ்கேன், அதாவது மூளைக்குள் படிந்த புரதங்களைக் காட்டும் படங்கள், எடுத்தார்கள். இதுதான் இந்த நேர்வின் மையம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அமிலாய்டுப் படம். அமிலாய்டு குறைவாக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும்: ஏதோ காரணத்தால் படிவு உண்டாகவில்லை, அதனால் நோயும் இல்லை. ஆனால் வந்த படம் நேர்மாறு. மூளைப் புறணி (மூளையின் வெளியடுக்கு) முழுக்க அமிலாய்டு நிறைந்து கிடந்தது. அந்தக் குடும்பத்தில் நாற்பதுகளிலேயே நினைவு தடுமாறியவர்களைவிட அவரிடம் அதிகம் இருந்தது. கூடுதலாக முப்பது ஆண்டு சேர்ந்திருக்கிறது, வேறென்ன. அந்தப் படத்தை மட்டும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டியிருந்தால், முற்றிய அல்சைமர் என்றுதான் நினைத்திருப்பார்.

அடுத்தது டாவ் படம். இங்கே ஆச்சரியம். வழக்கமாக டாவ் நினைவோடு தொடர்புள்ள பகுதிகளில் தொடங்கிப் புறணி எங்கும் பரவும். நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதோடு ஒத்துப்போவதும் இந்தப் பரவல்தான். அமிலாய்டின் அளவு அந்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை. இவரிடம் டாவ் கொஞ்சமாகவே இருந்தது, அதுவும் பெரும்பாலும் பின்தலைப் பக்கம், பார்வையைக் கவனிக்கும் பகுதியில். மூளை குளுக்கோசைப் பயன்படுத்தும் அளவைக் காட்டும் மூன்றாவது படத்திலும், அல்சைமரில் முதலில் மங்கும் இடங்கள் இவரிடம் மங்காமலே இருந்தன.

விறகு மலைபோல அடுக்கியிருக்கிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை.

கிறைஸ்ட்சர்ச்

ஏன் என்று தேடி அவருடைய மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தினார்கள். கிடைத்தது அப்போ-ஈ மரபணுவில் ஓர் அரிய மாற்றம்.

அப்போ-ஈ என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரத்தத்திலும் மூளையிலும் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் அது. மூன்று வகைகள் பொதுவாகக் காணப்படும்: 2, 3, 4. பெரும்பாலோரிடம் இருப்பது 3. நான்காம் வகை இருந்தால் வயதான காலத்தில் அல்சைமர் வரும் அபாயம் கூடும் என்பது 1993இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. இரண்டாம் வகை ஓரளவு காக்கிறது. அந்த அம்மாவிடம் இருந்தது மூன்றாம் வகை. ஆனால் 136ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் செரின் இருந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் முதலில் கண்டறியப்பட்டதால் இதற்கு அந்த ஊர்ப் பெயர். அங்கே இதைக் கண்டவர்கள் மறதியை ஆராய்ந்தவர்கள் அல்லர், ரத்தக் கொழுப்புக் கோளாறை ஆராய்ந்தவர்கள். பொருந்துகிறது: அந்த அம்மாவுக்கும் ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகம்.

முக்கியமான விஷயம், அவரிடம் இந்த மாற்றம் இரு பிரதிகள் இருந்தன. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இது மிக அரிது. ஒரே வம்சத்தார் தலைமுறைகளாக அதே மலையில் வாழ்ந்து, அங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடங்களில்தான் இப்படி இரண்டும் ஒரே ஆளிடம் சேர வாய்ப்பு கூடும். நோய்ப் பிழையை அவ்வளவு பேருக்குக் கொண்டுபோன அதே வம்சச் சுருக்கம் காக்கும் பிழையையும் ஒருவரிடம் இரட்டிப்பாகக் கொண்டுசேர்த்திருக்கலாம்.

இந்த மாற்றம் எப்படிக் காத்தது? செல்களின் வெளிப்புறத்தில் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்டவை. அப்போ-ஈ புரதம் தன் நேர்மின்னூட்டமுள்ள பகுதியால் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். 136ஆம் இடத்து ஆர்ஜினின் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மின்னூட்டமில்லாத செரினை வைத்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். ஆய்வகத்தில் அளந்தபோது, ஒட்டும் வலிமை நான்காம் வகைக்கு மிக அதிகமாகவும் கிறைஸ்ட்சர்ச் வகைக்கு மிகக் குறைவாகவும் இருந்தது. அபாயத்தின் வரிசையும் அதுவேதான்.

இதே சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டுதான் டாவ் ஒரு நரம்பு செல்லிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறது என்று வேறு ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. 2020இல் கோசிக்கின் ஆய்வகம், எல்ஆர்பி1 என்ற ஏற்பியும் (செல்லின் மேற்பரப்பில் பிற மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) டாவ் நுழைவுக்கு முக்கியமான வாசல் என்று காட்டியது. அப்போ-ஈ ஒட்டும் ஏற்பிகளில் அதுவும் ஒன்று. அந்தியோக்கியாவில் பிழையைத் தேடியவரே பிறகு இந்த வாசலையும் கண்டுபிடித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

பார்க்கின்சன் நோயை ஆராய்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பார்க்கின்சனில் திரளும் ஆல்ஃபா சைனுக்ளீன் புரதமும் இதே ஹெபரான் சல்ஃபேட் வழியாகத்தான் செல்லுக்குள் புகுகிறது என்று தெரிந்தது. மூளையில் புரதம் திரண்டு, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பரவும் நோய்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே கதவு என்றால், அந்தக் கதவை ஒடுக்குவது ஒரு நோயோடு முடிகிற சங்கதி இல்லை.

மூளையைத் திறந்து பார்த்தபோது

அந்த அம்மா இறந்ததும் குடும்பம் மூளையைத் தானமாகக் கொடுத்தது. அந்தியோக்கியாப் பல்கலைக்கழகத்தில் இப்படித் தானமாக வந்த நூற்றுக்கணக்கான மூளைகள் இருக்கின்றன. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டார் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நம் வீட்டில் ஒரு சாவு விழுந்த நேரத்தில் இதை யாராவது கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால்தான் அந்தக் குடும்பங்கள் செய்தது புரியும்.

திசுவை ஹாம்பர்கில் டியேகோ செபுல்வேதா-ஃபாயா தலைமையில் ஆராய்ந்தார்கள். அவரும் கொலம்பியர்தான். 2022இல் முடிவு வந்தது. ஸ்கேன் காட்டியதையே நுண்ணோக்கியும் காட்டியது. அமிலாய்டு எங்கும் இருந்தது. ஆனால் டாவ் முறுக்குகள், இந்தக் குடும்பத்தின் மற்ற நோயாளிகளில் எங்கே அதிகமோ அந்த முன்மடலிலும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் குறைவாகவும், பின்மடலில் அதிகமாகவும் இருந்தன. பரவல் வரைபடமே தலைகீழ். ஸ்கேன் படம் நிறத்தை வைத்து ஊகிப்பது. அதில் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். திசு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது.

ஒரே ஒருவர் போதுமா

இந்த நேர்வின் மீது வைக்கப்பட்ட நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒரே ஆள். அவருடைய மரபணுத் தொகுதியில் கிறைஸ்ட்சர்ச் தவிர இன்னும் எத்தனையோ மாற்றங்கள் இருந்திருக்கும். உணவு, உழைப்பு, மலைக்காற்று என்று எதை வேண்டுமானாலும் காரணம் சொல்லலாம். தற்செயல் என்றும் சொல்லலாம்.

இந்த நேர்வை முதலில் வெளியிட்ட 2019 கட்டுரையிலேயே ஒரு நெருடலும் இருந்தது. அதே குடும்பத்தில் நோய்ப் பிழையோடு கிறைஸ்ட்சர்ச் மாற்றத்தின் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள நான்கு பேரைக் கண்டிருந்தார்கள். அவர்களுக்கு 45 வயது வாக்கில் வழக்கம்போலவே தடுமாற்றம் வந்துவிட்டது. அப்படியானால் ஒரு பிரதிக்குப் பலனில்லை என்றுதான் அப்போது தோன்றியது.

நான்கு பேரை வைத்து அப்படி முடிவுகட்டுவது அவசரம் என்று 2024 ஜூனில் தெரிந்தது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கிரோஸ், லோப்பேரா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 1,077 வாரிசுகளைச் சோதித்து, நோய்ப் பிழையும் கிறைஸ்ட்சர்ச்சின் ஒரு பிரதியும் உள்ள 27 பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள். இவர்களுக்கு நினைவுத் தடுமாற்றம் தொடங்கிய இடைநிலை வயது 52. இந்த மாற்றம் இல்லாமல் நோய்ப் பிழை மட்டும் உள்ளவர்களுக்கு அது 47. டிமென்ஷியா 54இல் வந்தது, மற்றவர்களுக்கு 50இல். ஒரு பிரதி நான்கைந்து ஆண்டு தருகிறது. இரு பிரதிகள் முப்பது ஆண்டு கொடுத்தது ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறோம், ஆனாலும் திசை ஒன்றுதான். அந்தக் குடும்பத்தில் 47க்கும் 52க்கும் உள்ள வித்தியாசம் என்றால், பிள்ளை பள்ளி முடிப்பதை நினைவோடு பார்ப்பதா, பார்க்காமல் போவதா என்ற வித்தியாசம்.

இடையில் எலிகளிலும் மனித நரம்பு செல்களிலும் சோதனை நடந்தது. கலிபோர்னியாவின் கிளாட்ஸ்டோன் ஆய்வகத்தில் யடாங் ஹுவாங் குழு, மிக மோசமான நான்காம் வகையிலேயே 136ஆம் இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது. டாவ் பாதிப்பு குறைந்தது. இரு பிரதிகளுக்கு நல்ல பலன், ஒன்றுக்கு ஓரளவு பலன், மனிதர்களில் கண்டதைப் போலவே. செயின்ட் லூயிஸில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு வேறொரு பக்கத்தைக் காட்டியது: கிறைஸ்ட்சர்ச் மாற்றம் உள்ள எலிகளில், மூளையின் துப்புரவு செல்களான மைக்ரோக்ளியா அமிலாய்டைச் சுற்றி இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன, டாவ் பரவல் குறைகிறது. இரண்டும் 2023இல் வந்தவை. ஒரே பொறிமுறைதானா, பலவா என்பது இன்னும் முடியாத விவாதம். பலவாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள்

2023 மே மாதம் அதே அந்தியோக்கியாவிலிருந்து இன்னொருவர். இந்தமுறை ஓர் ஆண். அதே பிரெசெனிலின் பிழை. 67 வயதுவரை புத்தி தெளிவாக இருந்தது. 72 வாக்கில் லேசான டிமென்ஷியா, 74இல் மரணம். கிறைஸ்ட்சர்ச் மாற்றம் அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக ரீலின் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. கொலம்பியாவையும் பாஸ்டனையும் சேர்த்து அதற்கு 'கோல்போஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ரீலின் வேறு, அப்போ-ஈ வேறு. ஆனால் இரண்டும் நரம்பு செல்லின் அதே ஏற்பிகளில் வந்து ஒட்டுபவை. ரீலின் ஒட்டினால் டாவ் அமைதியாக இருக்கும்படி செல்லுக்குள் சமிக்ஞை போகும். கோல்போஸ் மாற்றம் அந்தச் சமிக்ஞையைப் பலப்படுத்துகிறது. தொடர்பே இல்லாத இரண்டு மரபணு மாற்றங்கள், இரண்டு பேர், ஒரே ஏற்பி. இதைப் படித்தபோதுதான் முதல் நேர்வு தற்செயல் என்ற வாதம் எனக்கு முழுதாக அடங்கியது.

இவருடைய படத்தில் இன்னொரு நுணுக்கம். அமிலாய்டு நிறைய. டாவும் மூளையின் பல பகுதிகளில் இருந்தது. ஆனால் என்டோரைனல் புறணி என்ற, ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலுள்ள சின்னஞ்சிறு பகுதியில் மட்டும் டாவ் குறைவு. அல்சைமரில் டாவ் முதலில் தலைகாட்டும் இடங்களில் அது ஒன்று. அந்தச் சிறிய இடத்தைக் காப்பாற்றினாலே இத்தனை ஆண்டு கிடைக்கும் என்றால், மருந்து மூளை முழுவதையும் எட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவருடைய சகோதரிக்கும் இரண்டு பிழைகளும் இருந்தன. ஆனால் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு குறைவு. ஐம்பதுகளின் இறுதியிலேயே தடுமாற்றம் தொடங்கிவிட்டது. எலிகளிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு தெரிந்தது. இதை ஓரங்கட்டிவிட்டுக் கதையை அழகாக்கக் கூடாது.

மூன்றாவது நேர்வு அமெரிக்காவிலிருந்து, 2025 தொடக்கத்தில், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பிரெசெனிலின்-2 பிழையுள்ள ஒருவர். குடும்பத்தில் ஐம்பதை ஒட்டி நோய் வரும். இவர் எழுபதுகளில், நோயில்லாமல். அமிலாய்டு நிறைய இருக்கிறது. டாவ் எங்கே இருந்தது தெரியுமா? பின்மடலில் மட்டும். அந்த அம்மாவின் படம் அப்படியே. ஆனால் கிறைஸ்ட்சர்ச் மாற்றம் இல்லை. இளமையில் கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர் என்பதால், வெப்ப அழுத்தப் புரதங்கள் உதவியிருக்கலாமோ என்று ஊகிக்கிறார்கள். இது வெறும் ஊகம். வெந்நீர்க் குளியலைப் பரிந்துரைக்கும் வாட்ஸ்அப் செய்திகள் இதிலிருந்து கிளம்பினால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

அமிலாய்டை விட்டுவிடலாமா

இந்த நேர்வை வைத்துக்கொண்டு அமிலாய்டுக் கருதுகோள் செத்துவிட்டது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. பிரெசெனிலின் பிழைதான் நோயைத் தொடங்கிவைக்கிறது, அது அமிலாய்டு வழியாகவே தொடங்குகிறது. அந்த அம்மா காட்டியது, தொடக்கத்துக்கும் ஆளை வீழ்த்தும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை அடைக்க முடியும் என்பதைத்தான்.

மருந்துச் சோதனைகளின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப், 1,795 பேரில் நடந்த சோதனையில் 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு டொனனெமாப் வந்தது. பலன் உண்டு, ஆனால் சிறிது. வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் உணரும் அளவா என்பது சந்தேகமே. மூளை வீக்கமும் சிறு ரத்தக்கசிவும் பக்கவிளைவுகள். அப்போ-ஈ நான்காம் வகை இரு பிரதிகள் உள்ளவர்களுக்கு அது அதிகம். டாவ் பரவத் தொடங்கியபின் அமிலாய்டை எடுப்பது தாமதமான சிகிச்சை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

முன்கூட்டியே கொடுத்தால்? அதையும் அந்தியோக்கியாவில்தான் முதலில் பெரிய அளவில் முயன்றார்கள். 2013இல் தொடங்கி, இன்னும் நோய் வராத 252 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு க்ரெனெசுமாப் என்ற அமிலாய்டு எதிர்ப்பு மருந்தை ஐந்து முதல் எட்டு ஆண்டு கொடுத்தார்கள். 2022 ஜூனில் முடிவு வந்தது: போலி மருந்து (ஒப்பீட்டுக்காகத் தரும், மருந்தில்லாத ஊசி) பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. ஆனால் 2025இல் வேறொரு மருந்தான காண்டெனெருமாபை வேறு நாடுகளின் மரபுவழி அல்சைமர் குடும்பங்களுக்கு நீண்டகாலம் கொடுத்த ஆய்வில், சராசரியாக எட்டு ஆண்டு பெற்ற 22 பேரிடம் அறிகுறி தொடங்கும் அபாயம் ஏறக்குறைய பாதியானதுபோலத் தெரிந்தது. 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இருந்தாலும் அமிலாய்டைத் தூக்கிப்போட இது இடம் தரவில்லை.

கிறைஸ்ட்சர்ச் வழியில் மருந்து செய்வது வேறு பாதை. அர்போலேதா-வெலாஸ்கெஸின் குழு, அப்போ-ஈ புரதத்தின் அந்த ஒட்டும் பகுதியை மட்டும் மறைக்கும் ஓர் எதிர்ப்புரதத்தை உருவாக்கியிருக்கிறது. சாதாரண அப்போ-ஈ உள்ளவரையும் கிறைஸ்ட்சர்ச் உள்ளவர்போல ஆக்குவது திட்டம். எலிகளில் டாவ் பாதிப்பு குறைந்தது. எலியில் நடந்தது மனிதரிடம் நடக்கும் என்று அல்சைமர் ஆராய்ச்சியில் நம்பி ஏமாந்தது நிறைய. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். இந்தச் சோதனையை இயற்கை ஏற்கெனவே ஒரு மனிதரிடம் செய்து முடித்துவிட்டது. பலன் தெரியும், விலையும் ஓரளவு தெரியும்: ரத்தக் கொழுப்பு கூடலாம். கொழுப்புக்கு மருந்து இருக்கிறது.

பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது

க்ரெனெசுமாப் சோதனையில் ஓர் ஏற்பாடு இருந்தது. 252 பேரில் 83 பேரிடம் நோய்ப் பிழையே கிடையாது. அவர்களுக்கும் ஊசி போட்டார்கள், போலி மருந்து. ஏனென்றால் பிழை உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சேர்க்கப்பட்டதே தீர்ப்பாகிவிடும். தனக்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் காப்பதற்காக, நோயே வராத 83 பேர் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். அண்ணனுக்காக, அக்காவுக்காக, அவர்கள் பிள்ளைகளுக்காக. அல்சைமர் வரலாற்றில் இதற்கு ஈடான ஒரு காரியம் எனக்குத் தெரிந்து இல்லை.

லோப்பேரா 2024 செப்டம்பரில், 73 வயதில் காலமானார். அவருடைய குழுவை இப்போது டேவிட் அகியோன் நடத்துகிறார். அந்தக் குடும்பங்களின் ரத்தத்திலிருந்தும் மூளைத் திசுவிலிருந்தும் கட்டுரைகள் வந்தன, காப்புரிமைகள் வருகின்றன, மருந்து நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. அங்கே பராமரிப்பு என்பது இன்னமும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான். அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் மகளுக்கு, அடுத்தது தானா என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

கிறைஸ்ட்சர்ச்சை நகலெடுக்கும் மருந்து மனிதர்களிடம் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்தால், அது மெடெயினிலிருந்து தொடங்க வேண்டும். வெற்றிபெற்றால் அந்த 6,000 பேருக்கும் விலையில்லாமல் கிடைக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே அதை எழுத்தில் வைக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. 2013இல் முப்பதுகளில் சோதனைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள்.